ஆந்தை எந்த மரத்தில்? சென்னையில் புதிதாகப் பறவை பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் சென்னையின் பறவை பார்க்கும் குழுக்களில் புதுமுகங்கள் அதிகம் தெரிவார்கள். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் ஆந்தைப் படம் போடுவார். புதியவர் உடனே, "சூப்பர் சார், லொகேஷன் ப்ளீஸ்" என்பார். அதற்கு மேல் குழுவில் சத்தமே இருக்காது. இல்லையென்றால் மூத்தவர் ஒருவர், "முதலில் குழு விதிகளைப் படிக்கவும்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டுப் போய்விடுவார். புதியவருக்கு முகம் சுண்டிப்போகும். அப்படி என்ன கேட்டுவிட்டோம்?

கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு இங்கே ஒரு பழைய கதை உண்டு, அது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எந்தப் பொழுதுபோக்குக் கூட்டத்திலும் ஆறாத சண்டைகள் நாலைந்து இருக்கும். பறவை பார்ப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதல். குழு விதிகள் பெரும்பாலும் அந்தச் சண்டைகளிலிருந்து வந்தவைதான். புதியவருக்கு அந்தக் கதைகளைத் தெரிந்துகொள்ளும் ஆசை வருவது இயல்பு, நல்லதும்கூட. ஆனால் யார் யாரோடு மோதினார் என்று கேட்டால் வம்புதான் கிடைக்கும். அந்த மோதலில் பறவைக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத பாடங்களெல்லாம் வந்து விழும்.

முதலில் நீங்களாகப் போய்ப் பாருங்கள்

குழுவில் சேருவதற்கு முன் சில வாரங்களாவது தனியாகவோ வீட்டில் ஒருவரோடோ போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும், அதுதான் சென்னைக்கு நல்ல பருவம். ஆனால் தொடங்குவதற்குப் பருவம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மொட்டைமாடியே போதும். காகம், அண்டங்காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, சின்னான், கரிச்சான், செம்போத்து, குக்குறுவான், வெண்மார்பு மீன்கொத்தி, பச்சைக்கிளி. இந்தப் பத்தையும் குரலை வைத்தும் பறக்கும் விதத்தை வைத்தும் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிறகு நீங்கள் ஒரு பறவையை அடையாளம் கேட்கும்போது, "மைனாவைவிடப் பெரிசா, சின்னதா?" என்றுதான் முதல் கேள்வி வரும். மைனாவை நிதானமாகப் பார்க்காதவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் நீர்நிலைகள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை ஓரத்திலிருந்தே நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா எல்லாம் தெரியும். வண்டியை ஓரங்கட்ட இடம் பார்த்து நிறுத்துங்கள், அந்தச் சாலையில் லாரிகள் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதில்லை. பெரும்பாக்கம் ஏரி, கேளம்பாக்கம் உப்பங்கழி, அடையாறு முகத்துவாரம் ஆகியவையும் விடியற்காலைக்கு ஏற்ற இடங்கள். கிண்டி தேசியப் பூங்காவின் உள்காட்டுக்குள் நினைத்தபோது போக முடியாது, அனுமதி வேண்டும்.

1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் நடத்தும் நடைகளுக்குப் போவது இன்னும் நல்லது. ஒரே காலையில் பத்துப் பேரின் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்துவிடலாம். அதன் பிறகு வாங்குங்கள். முதல் தொலைநோக்கி 8×42 ஆக இருக்கட்டும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். கேமராவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

குழுவில் முதல் கேள்வி

"இது என்ன பறவை?" என்று ஒரு மங்கலான படத்தை மட்டும் போட்டால் பதில் வரும், ஆனால் நீங்கள் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நேற்று காலை ஏழு மணி, பெரும்பாக்கம் பக்கம். மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. தண்ணீர் ஓரச் சேற்றில் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்தது. வயிறு வெள்ளை, அந்த வெள்ளை தோள் ஓரமாக மேலே ஏறியிருந்தது. உள்ளான்களில் ஒன்று என்று நினைக்கிறேன். எது?" இந்தக் கேள்விக்கு உடனே ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக எழுதுவார். தோளோரம் ஏறும் வெள்ளைதான் நீங்கள் பார்த்த பறவையைக் காட்டிக்கொடுக்கிறது என்பதையும் சொல்லுவார். நீங்களே ஒரு ஊகம் சொல்லியிருப்பது முக்கியம். அது தவறாக இருந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மெர்லின் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறதா? "ஆப் இப்படிச் சொல்கிறது, நான் பறவையைப் பார்க்கவில்லை" என்று சேர்த்து எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பல விவாதங்களைத் தவிர்க்கும்.

எதைத் தொட்டால் சுடும்

இனி அந்தப் பழைய சண்டைகள்.

இருப்பிடம்தான் முதல். ஒரு மரப்பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி குடியிருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் இடத்தைச் சொல்கிறார். அது நாலு குழுக்களுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் பெரிய லென்ஸ்கள் வரிசையாக நிற்கும். மறைக்கிறது என்று ஒரு கிளையை ஒருவர் வளைப்பார், இன்னொருவர் ஒடிப்பார். கூட்டத்தைப் பார்த்துக் காகங்கள் வரும். பகலில் தூங்க வேண்டிய ஆந்தை காகத்துக்குப் பயந்து மரத்துக்கு மரம் பறக்கும். அடுத்த பருவத்தில் பொந்து காலி. தெற்குப் புறநகரில் ஒரு கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை இருப்பது பலருக்குத் தெரியும். எந்தக் குவாரி என்று இங்கே எழுதப்போவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "சீனியர்கள் அவங்களுக்குள்ள மட்டும் சொல்லிக்கிறாங்க, நமக்குத்தான் விதி" என்று புதியவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. மூத்தவர்கள் சிலர் ரகசியத்தைப் பறவைக்காகக் காக்கிறார்கள், சிலர் தங்கள் படத்துக்காகக் காக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். சில மாதம் கூடவே நடந்தால் யார் எந்த ரகம் என்று புரிந்துவிடும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, மரத்தைக் கேட்காமல் வாழிடத்தைக் கேட்பது. "எந்த மாதிரி மரத்துல சார் தேடணும்?" என்று கேட்டால் பழைய வேப்பமரமா தூங்குமூஞ்சியா, பொந்து எந்த உயரத்தில் இருக்கும், கீழே எச்சம் எப்படித் தெரியும் என்றெல்லாம் மணிக்கணக்கில் சொல்லுவார்கள். உங்கள் தெருவிலேயே ஒரு ஆந்தை கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது கூட்டுப் படம். பல குழுக்களில் கூடு, முட்டை, குஞ்சு ஆகிய படங்களுக்குத் தடை. "தூரத்திலிருந்து ஜூம் பண்ணித்தானே எடுத்தேன்" என்று ஒருவர் சொல்ல, சண்டை தொடங்கும். தூரத்திலிருந்து எடுத்தவர் உண்மையிலேயே தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்துக்கு இருநூறு லைக் விழுந்தால், பார்த்தவர்களில் ஒருவர் இன்னும் கிட்டே போவார். கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்கினால் குஞ்சின் மேல் நேரடி வெயில் விழும், காகத்துக்கும் வழி தெரியும். தடைக்குக் காரணம் அந்த இரண்டாவது ஆள்தான். சட்டமும் இதில் தெளிவு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்று வரையறுப்பதில் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம்.

நம் பக்கத்தில் இது இன்று நேற்று வந்த தகராறு இல்லை. வேடந்தாங்கலில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதாகவும், ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டதாகவும் அங்கே சொல்வார்கள். அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் பாதுகாப்பு உத்தரவு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊர்க்காரர்களின் கணக்கு. பறவை நலனும் வயிற்றுப்பாடும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான வழக்கு அது.

மூன்றாவது, குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது. இதில் அதிகம் அடிபடுவது ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கமிருந்து இரவில் பறந்து தெற்கே வரும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் சென்னைத் தோட்டங்களில் இறங்கும். ஒன்பது நிறம் கொண்ட பறவை, தரையில் சருகைக் கிளறிக்கொண்டு புதருக்குள்ளேயே இருக்கும், லேசில் வெளியே வராது. செல்போனில் அதன் குரலைப் போட்டால் வந்துவிடும். ஏன் வருகிறது? தன் இடத்தில் இன்னொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து, சண்டைக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்த உடம்பு, தின்ன வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. ஒருவர் ஒருமுறை போட்டால் பெரிய பாதிப்பு இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அடர்ந்த காட்டில் ஆய்வுக்காக, அளவாகப் போடுவதற்கு அது பொருந்தலாம். நகரத்துக்குள் ஒரே புதர் முன்னால் காலையிலிருந்து பத்துப் பேர் மாறி மாறிப் போடும்போது அந்த வாதம் நிற்காது. என் கட்சி எது என்று சொல்லத் தேவையில்லை.

நாலாவதைப் புதியவர்கள் தெரியாமல் கிளப்பிவிடுவார்கள். மார்ச் 20 சிட்டுக்குருவி நாள். அன்று "செல்போன் டவரால் சிட்டுக்குருவி இனமே அழிந்துவிட்டது" என்று ஒரு ஃபார்வர்ட் வரும். நீங்கள் நல்லெண்ணத்தோடு அதைக் குழுவில் போடுவீர்கள். மதியத்துக்குள் எண்பது பதில்கள். விஷயம் இதுதான்: 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைப்படி, நாட்டளவில் சிட்டுக்குருவி எண்ணிக்கை இருபத்தைந்து ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. ஆனால் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மெல்லக் குறைந்துவருகிறது. டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி குறைந்ததும், கூடு கட்ட ஓட்டு இடுக்கும் சுவர்ப் பொந்தும் இல்லாத கட்டடங்கள் பெருகியதும்தான் அதிகம் பேசப்படும் காரணங்கள்.

அந்த அறிக்கைக்குத் தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள் காலைநடையில் எண்ணி, ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிய பட்டியல்கள்தான். வருடக்கணக்காக வாயால் போட்ட சண்டைக்கு, பேசாமல் எண்ணிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து பதில் வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாடியில் கிளிக்கு அரிசி வைப்பது சரியா என்பது வீட்டுக்கு வீடு மாறும் விவாதம். வேண்டாம் என்பவர்கள் நோய் பரவுவதையும் ஒரே இனம் பெருகுவதையும் சொல்வார்கள். வைப்பவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பயனில்லை, அது பாசம். உள்ளான் சண்டை வேறு வகை. ஊசிவால் உள்ளானையும் ஸ்வின்ஹோ உள்ளானையும் நின்ற கோலத்தில் பிரிக்கவே முடியாது என்று சொல்லலாம். விரிந்த வாலின் ஓர இறகுகள் தெரிய வேண்டும். "முடியும்" என்று ஒருவர் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொள்ளுங்கள், பக்கம் சேராதீர்கள். பெயர் மாற்றங்களும் அப்படித்தான். 2023-இல் உண்ணிக்கொக்கை ஈபேர்ட் கிழக்கு, மேற்கு என்று இரண்டு இனமாகப் பிரித்தது. வருடா வருடம் இப்படி ஏதாவது மாறும், அதற்கு ஒரு வாரம் புலம்பலும் நடக்கும். கேமராக்காரர்கள் உயர்த்தியா தொலைநோக்கிக்காரர்கள் உயர்த்தியா என்ற சண்டையில் மட்டும் பறவைக்கு ஒன்றும் இல்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாம்.

பழைய கதையை எப்படிக் கேட்பது

குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் வரும். அதைப் பார்த்துக்கொண்டு எதிர்தரப்பும் உட்கார்ந்திருக்கும். நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கேளுங்கள். அந்த நேரத்தில் எல்லோருக்கும் நாக்கு தளர்ந்திருக்கும்.

"சார், உங்களுக்கும் அவருக்கும் என்ன பிரச்சினை?" என்று தொடங்கினால், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று முடிந்துவிடும். அல்லது முடியவே முடியாது, இரண்டும் ஆபத்து. இப்படிக் கேளுங்கள்: "சார், கூட்டுப் படம் போடக் கூடாதுன்னு எப்ப முடிவு பண்ணீங்க? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" அவர் ஒரு வாலாட்டிக்குருவியிலோ ஒரு ஆந்தையிலோ ஆரம்பிப்பார். ஆட்களின் பெயர் தானாக வந்தால் வரட்டும், நீங்கள் பிடித்து இழுக்காதீர்கள்.

ஒருவர் சொன்னதோடு நிறுத்திவிடக் கூடாது. இன்னொரு நாள் இன்னொருவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். ஆனால் "அவர் இப்படிச் சொன்னாரே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று சிண்டு முடிந்துவிடாதீர்கள். முதலாமவரின் பெயரே வர வேண்டாம். இரண்டு கதையிலும் ஒரே மாதிரி வரும் பகுதி பெரும்பாலும் பறவையைப் பற்றியதாக இருக்கும். அதை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டை யாராவது உங்களுக்குத் தனியாக அனுப்பி, "பாருங்க மேடம், இவங்க எப்படிப்பட்டவங்கன்னு" என்றால், "பார்த்தேங்க, நன்றி" போதும். அதை யாருக்கும் தள்ளிவிட வேண்டாம்.

உங்களுக்கே ஒரு விதி முட்டாள்தனமாகப் பட்டால்? சேர்ந்த முதல் பருவத்தில் மாற்றச் சொல்லாதீர்கள், அடுத்த பருவத்தில் தாராளமாகச் சொல்லுங்கள். பழையவர்கள் சொல்வதெல்லாம் வேதம் இல்லை. சில விதிகளுக்குக் காரணம் போய், பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பட்டியலில் கேள்விக்குறி விழுந்தால்

ஈபேர்டில் பட்டியல் ஏற்றத் தொடங்கியதும் புதியவர்கள் மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. "நீங்கள் பதிந்த பறவை இந்த இடத்துக்கு அபூர்வமானது. படம் அல்லது விவரம் தர முடியுமா?" என்று ஒரு மின்னஞ்சல் வரும். பொய் சொன்னோம் என்கிறார்களா என்று தோன்றும். அந்தந்த இடத்துக்கும் மாதத்துக்கும் எந்தப் பறவை எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தாண்டினால் சரிபார்க்கச் சொல்லி மென்பொருளே குறித்துவைக்கும், பிறகு ஒரு தன்னார்வலர் பார்ப்பார். அவர் சம்பளம் வாங்குபவர் இல்லை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்பவர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகத்தையும் எழுதுங்கள். கடைசியில் ஏற்கப்படாவிட்டாலும் உங்கள் சொந்தப் பட்டியலில் அது அப்படியே இருக்கும். பொதுத் தரவில்தான் சேராது. இதைக் குழுவுக்குக் கொண்டுவந்து நியாயம் கேட்டவர்களால் சில நட்புகள் முறிந்திருக்கின்றன.

கூடோ ஆந்தையோ உங்கள் கண்ணிலேயே பட்டால்

ஒருநாள் இது நடக்கும். அன்று படம் எடுத்துக்கொண்டு, முடிந்தவரை சீக்கிரம் நகர்ந்துவிடுங்கள். நீங்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றாலே வழிப்போக்கர்களும் நின்று பார்ப்பார்கள். குழுவில் போடாமல், நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஈபேர்ட் சில இனங்களின் இடத்தைத் தானே மறைத்துவிடும். ஆனால் நம்மூர்ப் புள்ளி ஆந்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே குஞ்சுகள் பறந்துபோன பிறகு பட்டியலை ஏற்றுங்கள்.

அக்டோபரில் ஆறுமணிக்குருவி உங்கள் பால்கனிக்குள் மயங்கி விழலாம். கண்ணாடியில் மோதியோ களைத்தோ இப்படி விழுவது சென்னையில் வழக்கம்தான். துணியால் மெதுவாக மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இருட்டான அமைதியான அறையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். சோறும் வேண்டாம். அடிக்கடி திறந்து பார்க்கவும், குழந்தைகளோடு செல்ஃபி எடுக்கவும் வேண்டாம். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். காயம் எதுவும் இல்லாமல், பெட்டிக்குள் தத்தத் தொடங்கிவிட்டால், காகங்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பூனை நடமாட்டம் இல்லாத புதர் ஓரமாகப் பெட்டியைச் சாய்த்துத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.